பட்டறை பதில்கள்: ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி

கேள்வி: ஏலத்தில் வந்த பழைய சக்திமான் லாரியைச் சவுக்குக் கட்டை ஏற்ற வைத்திருக்கிறேன். மணலில் அருமையாக ஏறுகிறது. தார் ரோட்டுக்கு வந்து முன் டிரைவ் லீவரை இழுத்தால் விட மாட்டேன் என்கிறது. ஸ்டீயரிங்கும் கனக்கிறது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் தானே விட்டுவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கச் சொல்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் அந்தப் பெட்டியை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். ரிவர்ஸ் எடுத்தால் விடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விஷயம் இருக்கிறது. முன் டிரைவ் போட்டதும் முன் ஹவுசிங்கும் (முன்சக்கர அச்சு) பின் ஹவுசிங்கும் ஒரே சுற்றில் பூட்டிக்கொள்கின்றன. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மணலில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். தாரில் சறுக்க வழியில்லாததால் அந்த முறுக்கெல்லாம் ஜாயின்ட் ஷாஃப்ட்டிலும் கியர் பல்லிலும் ஏறி லீவரைக் கவ்விக்கொள்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது முறுக்கு அவிழ்கிறது.

நேராக ஓடும்போதே லீவர் இறுகினால் டயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். லோடு இறக்கி எல்லா டயரிலும் ஒரே அளவு காற்று வையுங்கள். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி, தரையில் எவ்வளவு நகர்ந்தது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு டயருக்கும் இதைச் செய்ய வேண்டும். 11.00-20 டயர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.4 மீட்டர் வரும். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டு 3 செ.மீ. வித்தியாசம் இருந்தால், 1 கி.மீ. ஓடுவதற்குள் கிட்டத்தட்ட 9 மீட்டர் முரண்பாடு சேர்ந்துவிடும். இது எந்தக் கியருக்கும் நல்லதல்ல. 1 செ.மீ.க்குள் கொண்டுவரப் பாருங்கள். பின்னால் ஜோடி டயர் இருந்தால் ஜோடிக்குள்ளும் இதே அளவுதான். பேட்டர்ன் கலந்து வாங்குவதும் வேண்டாம்.

தோப்பு மணலைத் தாண்டுவதற்கு முன்பே, வண்டி நேராக நகரும்போது லீவரை எடுத்துவிடுங்கள். இறுகிய லீவரைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்துவிடும், அப்புறம் நிஜமாகவே பிரிக்க வேண்டியதாகிவிடும். டயர் எல்லாம் சரியாக இருந்தும் லீவர் வரவில்லை என்றால், அடியில் லீவர் ராடு பின்கள் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கேஸைத் திறப்பது அதற்கும் பிறகுதான்.

கேள்வி: முந்திரித் தோப்பு ஷெட்டில் மூன்று வருஷமாக நிற்கிற டீசல் வண்டி. புது பேட்டரி வாங்கிவிட்டேன். செல்ஃப் அடிக்கலாமா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: உடனே அடிக்காதீர்கள். முதலில் சம்ப் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) போல்ட்டை மெதுவாக இளக்குங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும். வந்தால் ஹெட் கேஸ்கட்டையும் ஆயில் கூலரையும் பார்க்காமல் மேலே போகக் கூடாது. வராவிட்டால் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். பிறகு டீசல் பீச்சும் நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் நீளப் பார் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பாதியில் முட்டினால் பலம் காட்ட வேண்டாம். வால்வு ஒட்டியிருக்கலாம், லைனரில் துரு இருக்கலாம்.

டேங்க்கைக் கழற்றி அடியில் தேங்கிய தண்ணீரையும் கறுப்புச் சேற்றையும் கொட்டி, டீசலாலேயே அலசுங்கள். ஃபில்டர்கள் புதிது.

அடுத்தது டீசல் பம்பு. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்து விட்டால் அது தானாகப் படக்கென்று திரும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் பம்பு ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) இறுகியிருக்கலாம், அது ஃபுல் டீசலிலும் சிக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட் ஆன எஞ்சின் அடங்காமல் உச்ச வேகத்துக்கு ஏறி உடைந்து போகும். இதை அலட்சியம் செய்து எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. ரேக் சரியாக நகர்ந்தாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் அடங்காவிட்டால் காற்றுக் குழாய் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு தடித்த பலகையோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். கையாலோ துணியாலோ மூடக் கூடாது.

நாசில் இல்லாத நிலையிலேயே ஸ்டாப்பை இழுத்துப் பிடித்து 10 விநாடி செல்ஃப், 1 நிமிடம் ஓய்வு என்று ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை சுற்றுங்கள். சிலிண்டர் ஓட்டை வழியாக ஆயில் பீறிடும், முகத்தை நீட்டாதீர்கள். பிறகு புது செம்பு வாஷரோடு நாசில்களைப் பூட்டி ஏர் எடுங்கள் (டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்). முதலில் ஃபில்டர் மேல் ஸ்க்ரூ, அடுத்து பம்பு ஸ்க்ரூ. கைப்பம்பு அடிக்க அடிக்க நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். கடைசியாக நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று இளக்கிச் செல்ஃப் அடித்து, டீசல் துள்ளியதும் இறுக்குங்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகம் கொண்டது, விரலை வைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: 24 வோல்ட் வண்டி. ஆடியோவுக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தேன். ஆறு மாதத்தில் இரண்டு பேட்டரியுமே போய்விட்டன.
— வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: ஜோடி பேட்டரிக்கு டைனமோ 28 வோல்ட் அளவில் மொத்தமாகத்தான் சார்ஜ் கொடுக்கிறது. ஒன்றில் இருந்து மட்டும் உறிஞ்சினால் அது எப்போதும் அரை வயிறாகவே கிடக்கும், தட்டில் சல்ஃபேட் படியும். மற்றது தேவைக்கு மேல் வாங்கிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். ஒரு 24-க்கு 12 வோல்ட் கன்வர்ட்டர் வாங்கி, 24 வோல்ட் பக்கம் ஃபியூஸ் போட்டு, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து இணையுங்கள். புது பேட்டரி வாங்கும்போது ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர், ஒரே நாளில் ஜோடியாக வாங்க வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் இதே கதைதான்.

கேள்வி: ராணுவப் பச்சையிலேயே திரும்பப் பெயின்ட் அடிக்கலாமா? நீளமான பாடியும் கட்ட ஆசை.
— வாசகர், நெய்வேலி

பதில்: அந்தப் பச்சை கூடாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே விடுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற வேலை எதுவானாலும் (எஞ்சின், பாடி, இருக்கை) மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு பொருந்தும். பாடி கட்டுபவருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கடற்கரையில் இருந்து அரை கிலோமீட்டரில் நிறுத்துகிறேன். சேஸ் பொரிந்து உதிர்கிறது.
— வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? கடலோரத்து போர் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை நாமே பூசிவிடுகிறோம். நல்ல தண்ணீர் பிடித்து, அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை அழுத்தத்தோடு அடித்துக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள்.

மோசமான இடம், சேஸுக்கும் லோடு பாடிக்கும் நடுவில் உள்ள மரக்கட்டை. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பை அடியிலேயே தின்னும். யு போல்ட்டுகளை இளக்கிப் பாடியை ஜாக்கியில் இரண்டு அங்குலம் தூக்கினால் தெரியும். பொரியைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது, மந்தமாக ஒலித்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வரும் வரை தேய்த்து, மிச்சத் துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவை மாற்றும் திரவம்) பூசி, ஜிங்க் பிரைமர், அதன் மேல் எபாக்ஸி பெயின்ட். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு விட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு ஸ்பிரே விடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பக்கம் முழுக்க அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. ஸ்பிரிங் பட்டைகளோடு நிறுத்துங்கள், பிரேக் ஹோஸிலும் ரப்பர் புஷ்ஷிலும் பட்டால் அவை ஊதிப் பிளந்துவிடும். மரக்கட்டையைத் திரும்ப வைக்கும்போது அடியில் பழைய கன்வேயர் பெல்ட் பட்டை ஒன்றைக் கொடுங்கள், இரண்டு ஓரத்திலும் ஓர் அங்குலம் வெளியே தெரியும்படி.