அத்தானின் கம்பிங்காரும் ஆறாயிரம் கிலோமீற்றர் கணக்கும்

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். ஜேர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கும் என் அத்தான் தன்னுடைய கம்பிங்காரை (படுக்கை, சமையல் வசதியோடு வரும் சுற்றுலா வாகனம்) 62,000 யூரோவுக்கு எனக்குத் தருவதாகச் சொல்கிறார். 14 மாதங்களுக்கு முன் 71,400 யூரோ கொடுத்துப் புதிதாக வாங்கியவர். இன்றைக்கு மீற்றரில் 5,200 கிலோமீற்றர். பாவித்த வாகனம், கடைக்காரரிடம் வாங்கவில்லை, இரண்டும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஆகவே வரி எதுவும் வராது என்பது அத்தானின் வாதம். நண்பர் ஒருவரோ பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டிவரும் என்கிறார். யார் சொல்வது சரி? ஜேர்மன் நம்பர் பிளேட்டை அத்தான் பெயரிலேயே விட்டுவிட்டு இங்கே ஓட்டினால் என்ன?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. இன்றைய நிலையில் வாங்கினால் 62,000 யூரோவுக்கு 20 வீதம், அதாவது 12,400 யூரோ பிரான்ஸ் ரி.வி.ஏ. (பெறுமதி சேர் வரி) கட்ட வேண்டும். ஆனால் கட்டாமலே சட்டப்படி வாங்கவும் வழி இருக்கிறது. அவசரப்பட்டு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அத்தான் ஏமாற்றவில்லை. அவர் சொல்லும் மூன்றுமே உண்மைதான். 1993 முதல் ஒன்றிய நாடுகளுக்கிடையில் எல்லைச் சுங்கம் கிடையாது. பாவித்த வாகனத்தைத் தனியாரிடம் வாங்கிக் கொண்டுவந்தால் இங்கே ரி.வி.ஏ.யும் கிடையாது. சிக்கல் 'பாவித்த' என்ற சொல்லில்தான். நமக்குப் பழையதாகத் தெரிவது வரிச் சட்டத்துக்குப் புதியதாக இருக்கலாம். முதல் பதிவிலிருந்து 6 மாதம் தாண்டாத வாகனம் புதியது. 6,000 கிலோமீற்றர் தாண்டாத வாகனமும் புதியது. இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். பழைய வாகனம் என்று பெயர் எடுக்க இரண்டையும் தாண்டியிருக்க வேண்டும். உங்களுடையது மாதக் கணக்கில் தாண்டிவிட்டது, கிலோமீற்றரில் 800 குறைகிறது. அந்த 800 கிலோமீற்றரின் விலைதான் 12,400 யூரோ.

ஏன் இப்படி ஒரு விதி என்றால், லக்சம்பேர்க்கில் இந்த வரி 17 வீதம், ஹங்கேரியில் 27 வீதம். விதி இல்லாவிட்டால் எல்லாரும் வரி குறைந்த நாட்டில் வாங்கி இரண்டு தெரு ஓட்டிவிட்டு 'பழையது' என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதனால் புதிய வாகனத்துக்கு மட்டும், அது போய்ச் சேரும் நாட்டில் வரி. விற்பவர் கடைக்காரரா, அக்காவின் கணவரா என்று அந்த விதி பார்ப்பதில்லை.

இதைச் சொன்னதும் எல்லாருக்கும் வரும் யோசனை உங்களுக்கும் வந்திருக்கும்: வாங்கிய கையோடு ஒரு சுற்றுச் சுற்றி 6,000 தாண்டியபின் பாரிஸ் வந்தால் ஆயிற்று. நடக்காது. சுவீடனில் வசிக்கும் ஒருவர் பிரித்தானியாவில் பாய்மரப் படகு வாங்கி, சில மாதம் வேறு கடல்களில் ஓட்டிப் பழசாக்கிவிட்டு ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்ட வழக்கில், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வந்து சேரும் நாளைப் பார்க்கக் கூடாது, விற்பவர் வாங்குபவரிடம் கையளித்த நாளைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே டோர்ட்முண்டிலிருந்து நீங்கள் ஓட்டிவரும் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் கணக்கில் வராது.

ஆனால் அத்தான் ஓட்டுவது கணக்கில் வரும். அவர் இன்னும் உரிமையாளர். அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மியூனிக் வரை ஒரு முறை போய்வந்தாலே 1,200 கிலோமீற்றர் அளவில் வந்துவிடும். மீற்றர் 6,400ஐ எட்டும். அதன்பிறகு ஒப்பந்தம் எழுதிக் கையளித்தால் இங்கே ரி.வி.ஏ. பூச்சியம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். பெற்றோல் காசையும் நானே கொடுப்பேன்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஓடாத கிலோமீற்றரை ஒப்பந்தத்தில் எழுதுவது. 'குடும்பத்துக்குள்ளதானே, 6,050 என்று போட்டுவிடலாம்' என்று ஆரம்பித்த ஒருவரின் கோப்பு என்னிடம் வந்தது. பிறகு சேவிஸ் செய்த கராஜின் பில்லில் 5,600 இருந்தது. வரியோடு அபராதமும் சேர்ந்தது. மச்சானும் மச்சானும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

சரி, அத்தானுக்கு லீவு இல்லை, வாகனம் உடனே வேண்டும் என்றால் இரண்டாவது வழி. இது பலருக்குத் தெரியாது. வாகனம் சட்டப்படி புதியது என்றால் விற்பவருக்கும் ஓர் உரிமை உண்டு. தனி ஆளாக இருந்தாலும், வேறு ஒன்றிய நாட்டுக்குப் புதிய வாகனத்தை விற்கும் அந்த ஒரு தடவைக்கு, ஜேர்மன் வரிச் சட்டம் அவரை வியாபாரி போலவே நடத்தும். வாங்கும்போது கட்டிய 19 வீத வரியை அவர் திரும்பக் கேட்கலாம். அத்தான் கொடுத்த 71,400இல் வாகனத்தின் விலை 60,000, வரி 11,400. திரும்பக் கிடைப்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது: இப்போது விற்கும் விலையின் 19 வீதம்.

இந்த வழியில் போவதானால் விலையை மறுபடி பேச வேண்டும். 52,000 என்று வைத்துப் பாருங்கள். நீங்கள் அத்தானுக்கு 52,000, பிரான்ஸுக்கு 20 வீதமாக 10,400, ஆக மொத்தம் 62,400. அத்தானுக்கு உங்களிடமிருந்து 52,000, ஜேர்மன் வரி அலுவலகத்திடமிருந்து 9,880, ஆக மொத்தம் 61,880. இரண்டு பேருக்குமே முதலில் பேசிய 62,000ஐ ஒட்டித்தான் வருகிறது. மாறாக விலையை 62,000இலேயே விட்டு, அத்தானும் வரியைத் திரும்ப எடுத்தால் அவர் கையில் 73,400. புதிதாக வாங்கிய விலையைவிட அதிகம்! அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் அவரே விலையைக் குறைப்பார், உறவு அப்படி என்றால்.

இதற்கு அத்தானிடம் அவர் பெயரில், வரி தனியாகக் காட்டிய பழைய பில் இருக்க வேண்டும். கையளிக்கும் மாதத்துக்கான வரிப் படிவத்தை அங்கே கொடுக்க வேண்டும். அவருடைய ஜேர்மன் கணக்காளரிடம் ஒரு மணிநேரம் பேசச் சொல்லுங்கள், அந்தக் காசு வீண் போகாது. 52,000 என்பது உண்மையான விலையாக இருக்க வேண்டும். மீதியைக் கையில் கொடுக்கிற யோசனை இருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள்.

இனிப் பதிவு. எந்த வழியில் வாங்கினாலும், ரி.வி.ஏ. பூச்சியமாக இருந்தாலும், முதலில் அம்போவுக்கு, அதாவது பிரெஞ்சு வரி அலுவலகத்துக்குப் போய்க் 'கித்துஸ் பிஸ்கால்' எடுக்க வேண்டும். இந்த வாகனத்துக்கு வரிப் பாக்கி இல்லை என்று அவர்கள் தரும் சான்று அது, இலவசம். விற்பனை ஒப்பந்தம், ஜேர்மன் பதிவுப் பத்திரத்தின் இரண்டு பாகங்கள், அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு போங்கள். அது கிடைத்தபிறகு கார்ட் கிறீஸ் (பிரெஞ்சு வாகனப் பதிவுப் பத்திரம்) விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம். தயாரிப்பாளர் கொடுத்த ஐரோப்பிய ஒப்புதல் சான்றும் அதற்கு வேண்டும், அத்தானின் கோப்பில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். தற்காலிகமாகக் கிடைக்கும் டபிள்யூ.டபிள்யூ. நம்பர் நான்கு மாதம் செல்லும். வாகனத்துக்கு நான்கு வயது ஆகாததால் கொந்த்ரோல் தெக்னிக் என்ற வாகனத் தகுதிப் பரிசோதனை தேவையில்லை.

கார்ட் கிறீஸ் கட்டணம் 'வரிக்குதிரை' எண்ணிக்கையைப் பொறுத்தது. பிரெஞ்சுக்காரர் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள், வரிக்கான குதிரைச்சக்தி. ஒரு குதிரைக்கு எவ்வளவு என்பதை உங்கள் பிராந்தியம் தீர்மானிக்கும். கார்களுக்கு வரும் பெரிய சூழல் தண்டவரி கம்பிங்காருக்கு இல்லை. ஜேர்மன் பத்திரத்தில் 'வோன்மொபில்' (கம்பிங்காருக்கு ஜேர்மன் சொல்) என்றும், உடலமைப்புக் குறியீடு 'எஸ்.ஏ.' என்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாதாரண வானை வாங்கித் தானே கட்டில் அடித்த வண்டி என்றால் கதை வேறு.

ஜேர்மன் பிளேட்டிலேயே ஓட்டலாமா என்றால், கூடாது. பிரான்ஸில் வசிப்பவர் வாங்கிய வாகனத்தை ஒரு மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும். பிடிபட்டால் 135 யூரோ அபராதம் சின்ன விஷயம். வாகனம் டோர்ட்முண்டில் நிற்கிறது என்று நம்பிய காப்புறுதிக் கொம்பனி, பிரான்ஸின் லில் நகரப் பக்கத்தில் விபத்து நடந்த பிறகு கேட்கும் கேள்விகள்தான் பெரிய விஷயம். கடிதமெல்லாம் அத்தான் பெயருக்குத்தான் போகும்.

கொண்டுவருவதற்கு அத்தான் பதிவை இரத்துச் செய்துவிட்டு ஏற்றுமதி பிளேட் எடுக்கட்டும், வலது ஓரத்தில் முடிவுத் திகதியோடு சிவப்புப் பட்டி இருக்கும் அது. மஞ்சள் பட்டி போட்ட ஐந்து நாள் பிளேட் மலிவு, ஆனால் பிரான்ஸுக்குள் அதை நம்பி ஓட்ட வேண்டாம். ஒப்பந்தத்தில் விலையோடு முதல் பதிவுத் திகதி, கையளித்த திகதி, அன்றைய கிலோமீற்றர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சாவியை வாங்குமுன் மீற்றரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அம்போவில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.