வெளிநாட்டுத் துறைமுகத்துக்குச் சொந்தப் படகில் வந்து, மஞ்சள் கொடி ஏற்றியும் அதிகாரிகள் வரவில்லையா?

குடும்பத்தோடு கரை இறங்காதீர்கள். துறைமுகத்தில் கேட்டுக்கொண்டு கேப்டன் மட்டும் போகலாம்.

நேற்று மாலையே மஞ்சள் கொடி ஏற்றியும் யாரும் வரவில்லை என்கிறீர்கள். பல துறைமுகங்களில் வரவே மாட்டார்கள், நாம்தான் அலுவலகம் தேடிப் போகவேண்டும். மஞ்சள் கொடி நுழைவு அனுமதி கோருவதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

படகின் விஎச்எஃப் வானொலியில் சேனல் 16-இல் துறைமுகக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு, நீங்கள் நங்கூரமிட்ட இடம் அதிகாரப்பூர்வ நுழைவுத் துறைமுகம்தானா, முதலில் சுங்கமா குடியேற்றமா என்று கேளுங்கள். அலுவலகத்துக்கு எடுத்துப் போகவேண்டியவை: பாஸ்போர்ட்டுகள், படகின் பதிவுச் சான்று, ஆட்கள் பட்டியல் நாலைந்து நகல், அப்புறம் முந்தைய துறைமுகத்தின் புறப்பாட்டு அனுமதி. இந்தக் கடைசித் தாள் இல்லாமல்தான் நிறையப் பேர் திண்டாடுகிறார்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் கதை வேறு. அதிகாரிகள் சொல்லும்வரை கேப்டன்கூட இறங்கக் கூடாது.