மறு: அப்பாவுக்கு என்.எஸ்.இ. கூடுதல், அதனால்தான் மனச்சோர்வா?

இல்லை. என்.எஸ்.இ. என்பது நரம்பு செல்களில் உள்ள ஒரு நொதி; மூளை காயப்பட்டால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து அப்பாவின் மனச்சோர்வு மூளைக் காயத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. மூளைக் காயத்தைக் கணிக்க என்.எஸ்.இ. பெரிதும் உதவுவது இதயமே நின்று மீட்கப்பட்டவர்களுக்கு, அதுவும் முதல் 2-3 நாட்களில். உங்கள் அப்பாவுக்கு வந்தது மாரடைப்பு மட்டும். ரத்தம் எடுத்ததோ ஆறு வாரம் கழித்து.

ரத்தச் சிவப்பணுக்களிலும் என்.எஸ்.இ. உண்டு. ரத்தம் எடுக்கும்போது அவை உடைந்தாலே அளவு ஏறிவிடும். 'மாதிரியில் ஹீமோலைசிஸ் (சிவப்பணு உடைதல்) இருந்ததா?' என்று லேபில் கேளுங்கள்.

மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இதுதான் இப்போது கவனிக்க வேண்டியது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளை அப்பாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். மொத்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இதய மருத்துவரிடம் காட்டுங்கள்; தைராய்டு, ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சிலவற்றை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலுடன் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்; சில பழைய வகைகள் இதயத் துடிப்பையே பாதிக்கும்.

திடீரென்று பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 'இருந்து என்ன பயன்' என்று பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.