நான்கு பேர் வாசித்துப் பிழைக்க முடியுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கச்சேரிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது எங்கள் வீட்டு விஷயம். என் மகளுக்கு 23 வயது. சர்ச் பாடகர் குழுவோடு உட்கார்ந்து வயலின் பழகியவள். பி.காம். முடித்தபின் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று என நால்வர் குழு) ஒன்று தொடங்கியிருக்கிறாள். வயலினுக்கு இரண்டு பேர் இருந்ததால் இவள் வயலினைவிடச் சற்றுப் பெரிய, ஒலி தாழ்ந்த வியோலாவுக்கு மாறிக்கொண்டாள். தினமும் காலையில் மூன்று மணி நேரம் ஒத்திகை. பதினொரு மாதத்தில் நான்கு கல்யாண வரவேற்புகள், ஒரு பள்ளி விழா. வந்த பணம் ஆட்டோவுக்கே சரியாகப் போயிற்று.

இப்போது ஒரு தனியார் வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்கிறாள். இவள் அப்பா முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவர். முதல் தேதி சம்பளம் என்பதைத் தவிர வேறு வாழ்க்கை எங்களுக்குத் தெரியாது. நான்கு பேர் கூடி வாசித்தே காலம் தள்ளினார்கள் என்று எங்காவது உண்டா? நன்றாக வந்துகொண்டிருந்த வயலினை விட்டுவிட்டு இரண்டாம் வரிசை வாத்தியத்துக்குப் போய்விட்டாளே என்பதும் மனதை உறுத்துகிறது. பெயர் வேண்டாம்.

ஒரு தாய், பெரம்பூர்

அன்புள்ள அம்மா,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹிட்லருக்குத் தப்பி ஆஸ்திரியாவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த மூன்று இளைஞர்கள், நார்பர்ட் பிரெய்னின், சீக்மண்ட் நிசல், பீட்டர் ஷிட்லாஃப். போர்க்காலத்தில் எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைக்கப்பட்டவர்கள். மூவருமே வயலின்காரர்கள். செல்லோவுக்கு மார்ட்டின் லவெட் கிடைத்தார். நால்வராக வேண்டுமானால் மூன்று வயலினில் ஒன்று வியோலாவாக வேண்டும். ஷிட்லாஃப் மாறினார். அதுதான் அமடேயஸ் குவார்டெட். 1947-இல் கூடியவர்கள் நாற்பது வருடம் ஒருவர்கூட மாறாமல் வாசித்தார்கள். 1987-இல் ஷிட்லாஃப் இறந்தார். உலகத்தில் வியோலா கலைஞர்களுக்கா பஞ்சம்? ஆனாலும் மற்ற மூவரும் அவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கவில்லை. அன்றோடு குழுவை நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவின் குவார்னேரி குவார்டெட்டில் வியோலா வாசித்த மைக்கேல் ட்ரீயும் வயலினிலிருந்து வந்தவர்தான். அந்தக் குழு 1964-இலிருந்து 2009 வரை ஓடியது. உங்கள் மகள் போயிருப்பது பின்வரிசைக்கு அல்ல.

இனி பிழைப்பு. வாழ்ந்தவர்கள் உண்டு, கச்சேரிப் பணத்தால் மட்டும் வாழ்ந்தவர்கள் அரிது. பியானோ கலைஞர் ஒருவர் தனியாக வாங்கிப் போகும் தொகையை இவர்கள் நான்காக வகுக்க வேண்டும். விமானத்தில் போனால் ஐந்து டிக்கெட், செல்லோவுக்கும் ஓர் இருக்கை. அதனால் பெரிய குழுக்களுக்கெல்லாம் பின்னால் ஒரு தூண் இருந்திருக்கிறது. புடாபெஸ்ட் குவார்டெட்டுக்கு 1940 முதல் 1962 வரை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். அங்கே வாசிக்க, புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரி செய்த வாத்தியங்களையே நூலகம் கையில் கொடுத்தது. டாகாச் குவார்டெட்டுக்குக் கொலராடோ பல்கலைக்கழகம். மாதச் சம்பளம், மாணவர்கள், ஒத்திகைக்கு ஓர் அறை. முதல் தேதிச் சம்பளம் அவர்களுக்கும் இருந்தது, அம்மா.

சென்னையில் அந்தத் தூணைப் பிள்ளைகளே நட வேண்டும். இங்கே முன்னோடி இல்லாமல் இல்லை. திரைப்பட இசைப்பதிவுகளில் வாசித்துவந்த வி.எஸ். நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற குழுவை அமைத்து, கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளை நான்கு வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதி வாசித்தார். அவர் தலைமுறைக்குச் சோறு போட்டது ஒலிப்பதிவுக் கூடம். அந்தக் கதவு இன்று பாதி மூடிவிட்டது. வயலின் கூட்டத்தின் ஒலியைக் கீபோர்டில் எடுக்கிறார்கள். கூட்டமே வேண்டுமென்றால் புடாபெஸ்டிலோ மாசிடோனியாவிலோ பதிவு செய்துகொள்கிறார்கள். மீதி இருப்பது கற்பித்தல். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வுக்குப் பிள்ளைகளை வயலின் வகுப்புக்கு அனுப்பும் வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாலையில் ஆளுக்குப் பத்து மாணவர்கள் இருந்தால் காலை ஒத்திகை பிழைத்துவிடும்.

எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில். இருபத்தைந்து வயதில் வேப்பேரியில் ஒரு நால்வரோடு சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, செல்லோ தூக்குவேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கூடம். காற்றில் தாள் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். மே மாதம். தாடைக்கும் வயலினுக்கும் நடுவில் மடித்த கைக்குட்டை நனைந்து கறுத்திருக்கும். ஒருநாள் முக்கால் மணி நேரம் நான்கே நான்கு தாளக்கட்டுகளை வாசித்தார்கள். வில்லை மேலிருந்து இழுப்பதா, கீழிருந்து தள்ளுவதா என்று தகராறு. இரண்டாம் வயலின்காரர் ஒவ்வொரு முறையும் காதில் செருகிய பென்சிலை எடுத்துக் குறியை மாற்றுவார், மறுபடி அழிப்பார். தாளில் அந்த இடம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ நான்கு வில்லும் ஒன்றாகத் திரும்பின. யாரும் எதுவும் பேசவில்லை. அதைப் போல ஒரு சந்தோஷத்தை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் குழு இரண்டு வருடத்தில் உடைந்தது. பணம் காரணம் இல்லை. ஒரு நிகழ்ச்சி நோட்டீசில் முதல் வயலின்காரர் பெயரைப் பெரிதாகப் போட்டு, "குழுவினர்" என்று மற்ற மூவரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை. சன்மானத்திலும் பாதியை எடுத்துக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நம் கச்சேரி மேடையில் பிரதானக் கலைஞர் என்று ஒருவர், பக்கவாத்தியம் என்று மற்றவர்கள்; பெயரின் அளவும் பணத்தின் அளவும் அப்படியே. கண்ணால் கண்ட வழக்கத்தைத்தான் அவர் செய்தார். ஆனால் அந்த வழக்கத்தில் குவார்டெட் ஒருநாளும் நிற்காது. புடாபெஸ்ட் குவார்டெட்டை 1917-இல் தொடங்கியவர்கள் முதலில் விதிகளைத்தான் வகுத்தார்கள்: தலைவருக்குத் தனிப் பங்கு இல்லை, நால்வருக்கும் சம பணம், தகராறு வந்தால் வாக்கெடுப்பு, இரண்டுக்கு இரண்டு என்றால் இருந்தபடியே இருக்கட்டும். எமர்சன் குவார்டெட்டில் வயலின்காரர்கள் இருவரும் முதல் இடத்தில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். 1976-இல் தொடங்கி 2023 வரை ஓடினார்கள்.

ஆகையால் உங்கள் மகளிடம் "எவ்வளவு வரும்" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படிப் பிரிக்கிறீர்கள்" என்று கேளுங்கள். தனிக் கணக்கு இருக்கிறதா? ஒருவருக்கு வெளியில் ஒலிப்பதிவு வந்தால் அன்றைய ஒத்திகை என்ன ஆகும்? ஒருவர் சொன்ன குறையை மற்ற மூவரும் மறுநாள் காலை மனதில் வைத்திருக்கிறார்களா, மறந்துவிட்டார்களா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் வந்தால் வங்கி வேலையை அவள் மறுக்கட்டும் என்பதே என் கருத்து. காலை மூன்று மணி நேரத்தை வங்கி விட்டுவைக்காது. வாரத்துக்கு ஒருநாள் கூடி இதைச் செய்ய முடியாது. இரண்டு வருடம் கொடுங்கள். அதற்குள் தன் செலவுக்குத் தன் மாணவர்களை அவள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், கடனுக்கு வாத்தியம் வாங்கக்கூடாது என்பதையும் சேர்த்து. பதில் தடுமாறினால், வேலையில் சேரச் சொல்லுங்கள்.

ஒரு காலை ஒத்திகைக்கு நீங்களும் அவள் அப்பாவும் போய் உட்காருங்கள். இசையமைப்பாளர் ஹைடன் இப்படிப்பட்ட நால்வருக்காக எழுதிய 'எம்பெரர்' குவார்டெட் என்ற படைப்பில் இரண்டாம் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே மெட்டு, ஒரு சுரமும் மாறாமல் கைமாறிக்கொண்டே போகும். முதலில் முதல் வயலின். அடுத்து இரண்டாம் வயலின் பாட, முதல் வயலின் மேலே கொடிபோலச் சுற்றும். மற்ற இருவரும் அப்போது வில்லை மடியில் வைத்துக் காத்திருப்பார்கள். பிறகு செல்லோ. அதற்கு அடுத்தது உங்கள் மகள்.