மூன்று மணிக்கு எழுகிற அம்மாவும் அந்தமானும்

கேள்வி: அக்கா, வர்ற ஏப்ரல் லீவுக்கு அந்தமான் போகலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், எட்டாவதும் அஞ்சாவதும் படிக்கிற ரெண்டு பசங்க, 66 வயசு அம்மா. மொத்தம் ஆறு நாள்தான். "ஹார்பர் பக்கத்துலயே இருக்கு, கப்பல்லயே போயிடலாம்" என்கிறார் இவர். பையன் ஜெயில் பார்க்கணும்கிறான், பொண்ணுக்குக் கலர் மீன் பார்க்கணும். காசிமேட்டு மீன் ஏலத்துக்கு மூணு மணிக்கே எழுந்து பழகின அம்மாவுக்கு இப்போ முட்டி வலி. எப்படிப் போகலாம், எதை விடலாம்?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, முதலில் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஹார்பர் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தமான் 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். உங்கள் லீவு கடலிலேயே கரைந்துவிடும். கப்பலும் மாதத்தில் சில தடவைதான், தேதியும் மாறும்.

கல்யாணமான புதிதில் ராயபுரத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு நாங்களும் பங்க் (அடுக்குப் படுக்கை) வகுப்பில் போனவர்கள்தான். முதல் ராத்திரி ஜோராக இருந்தது. மறுநாள் காலையிலிருந்து எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு மேல் பங்க்கையே பார்த்தபடி கிடந்தேன். பிடிக்கிற கம்பியெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. சாம்பாரும் டீசலும் சேர்ந்து ஒரு வாசனை, இன்றைக்கு நினைத்தாலும் வயிறு புரட்டும். மாமியார் கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பக்கத்துப் பங்க் தாத்தாதான் ரசித்துச் சாப்பிட்டார். ஆகவே விமானம். இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான்.

பலரும் கோட்டை விடுகிற இடம் வேறு. அந்தமான் நமக்கு ரொம்பக் கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதே. அதனால் காலை ஐந்து மணி சுமாருக்கே விடிந்து, மாலை ஐந்தரை தாண்டியதும் இருட்டத் தொடங்கிவிடும். எட்டு மணிக்கு எழுந்து நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினால் பாதி நாள் போச்சு. உங்கள் வீட்டில் இதற்குத் தயாரான ஒரே ஆள் அம்மாதான். எழுப்புகிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இறங்கிய அன்றே செல்லுலார் ஜெயில். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது. நடுவில் கோபுரம், சுற்றி ஏழு கிளைக் கட்டடங்கள். இன்று மூன்றுதான் மிச்சம். பையனை ஒரு அறைக்குள் நிற்கவைத்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள். எதிரே தெரிவது அடுத்த கட்டடத்தின் முதுகு. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். கைதிகளை இழுக்கவைத்த செக்கைப் பார்த்ததும் "வ.உ.சி. இழுத்தது இதுவா?" என்று கேட்பான். இல்லை, அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர் சிறையில். நம் ஊர் ஆட்களே பாதிப் பேர் அங்கே நின்று தப்பாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக். இதற்கும் 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று ராத்திரி அங்கேயே தங்குங்கள். ராதாநகர் கடற்கரையில் மணல் மாவு மாதிரி இருக்கும், அம்மா வெறுங்காலோடு நடக்கலாம். பவளப்பாறை பார்க்க, அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. முட்டி வலிக்காரருக்கும் பொண்ணுக்கும் அதுவே போதும். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் மட்டும் கால்கூட நனைக்காதீர்கள். அங்கே இருப்பது உப்புநீர் முதலை, கடலிலேயே நீந்தும்.

ஐந்தாம் நாள் கட்டாயம் ஸ்ரீ விஜயபுரம் திரும்பிவிடுங்கள். விமானம் ஏறுகிற அன்றைக்குப் படகை நம்பக்கூடாது. காற்று எழும்பினால் படகு நின்றுவிடும். திரும்பிய அன்று நேரம் இருந்தால் எதிரே இருக்கிற ராஸ் தீவு. வெள்ளைக்காரனின் தலைமையிடமாக இருந்த இடம். இன்றைக்கு அந்தச் சுவர்களை மரவேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, புள்ளிமான்கள் பயமே இல்லாமல் பக்கத்தில் வரும். கொஞ்சம் மேடு, அம்மாவுக்குப் பேட்டரி வண்டி இருக்கிறதா என்று படகுத்துறையிலேயே கேளுங்கள்.

விட வேண்டியது பாராதாங் தீவு. விடிவதற்கு முன்பே கிளம்பி, வரிசையாகப் போகும் வண்டிகளோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியே நீண்ட பயணம். அம்மாவின் முட்டி தாங்காது. அவர்களைப் படம் எடுப்பது குற்றம், தின்பண்டம் நீட்டுவதும் கூடாது. ஆனாலும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தேடுகிற கூட்டத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. மே பாதிக்கு மேல் மழை தொடங்கிவிடும், லீவைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கடற்கரையில் கிடக்கும் சிப்பி, செத்த பவளம் எடுத்து வரலாமா?
— வாசகர், காலடிப்பேட்டை

பதில்: கூடாது சார். பவளம் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. செத்ததா உயிரோடிருந்ததா என்ற பேச்சே இல்லை. விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். சிப்பிச் சாமான் வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் வாங்கி பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: அங்கே தமிழ் செல்லுபடியாகுமா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: தலைநகரில் தமிழர்கள் நிறைய. பொதுவாக ஓடுவது இந்திதான். நான் ஆட்டோக்காரரிடம் அரைகுறை இந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "அக்கா, தமிழ்லயே திட்டுங்க, எனக்குப் புரியும்" என்றார்.