வாழைநார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளிர் குழுவாக இயந்திரம் வாங்கிப் பூவன் மரத்தில் நார் எடுக்கிறோம். காய்ந்ததும் நார் பழுப்பாகிவிடுகிறது. வியாபாரி விலையைக் குறைக்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, தொட்டியம்)

பதில்: தார் வெட்டிய மரம் எத்தனை நேரம் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். வாழைச்சாற்றில் பாலிஃபீனால்கள் உண்டு, காற்றுப்பட்டால் கறுக்கும். வேட்டியில் கறை பிடிப்பதும் இதனால்தான். வெட்டிய அன்றே, தப்பினால் மறுநாளைக்குள் நார் பிரித்துவிட வேண்டும். வெயிலில் வாடிய பட்டையில் சதை நாரோடு ஒட்டிக்கொள்ளும், சீவினாலும் போகாது.

பட்டைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். வெளிப்பட்டை இரண்டு மூன்றில் கிடைப்பது முரட்டு நார். கயிறுக்கும் மிதியடிக்கும் போதும். நெசவுக்குரியது நடுப்பட்டை நார். உள்ளே போகப்போக நார் மெலிந்து அறுந்துவிடும், நடுத்தண்டைச் சமையலுக்கு விற்றுவிடுங்கள்.

பட்டையை மூன்றங்குல அகலத்தில் கீறி, பாதி நீளம் இயந்திரத்தில் கொடுத்து இழுங்கள். பிறகு திருப்பி மறுபாதி. உருளைக் கத்திக்கும் தாங்கு தகட்டுக்கும் இடைவெளி கூடினால் சதை தங்கும், தங்கிய சதைதான் காயும்போது பழுப்பாகும். குறைந்தால் நார் அறுபடும். கழிவில் துண்டு நார் நிறைய விழுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நாரைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. உருளை கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

எடுத்த கையோடு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். துருவேறிய தொட்டியும் இரும்புச்சத்துள்ள ஆழ்குழாய் நீரும் வேண்டாம். இரும்பு பட்டால் நார் கருநீலமாகும், எளிதில் வெளுக்காது. கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டி, நிழலில் பரத்தி உலர்த்துங்கள். ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: 100 கிலோ மரத்துக்கு எவ்வளவு நார் தேறும்? (வாசகர், குளித்தலை)

பதில்: ஏறக்குறைய ஒரு கிலோ. மரத்தின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதனால் மரத்தை லாரியில் ஏற்றினால் வாடகையே வருமானத்தைத் தின்றுவிடும். இயந்திரம்தான் தோட்டத்துக்குப் போகவேண்டும். வாங்குமுன் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: நார் எடுத்த சக்கையில் விட்ட மண்புழுக்கள் செத்துவிட்டன. ஏன்? (வாசகர், சின்னமனூர்)

பதில்: பச்சைச் சக்கை மட்கும்போது சூடேறும். நீர் கோத்துக்கொண்டால் காற்றும் புகாது. பிழிந்து, ஓரிரு நாள் உலரவிட்டு, நான்கு பங்குக்கு ஒரு பங்கு சாணம் கலந்து நிழலில் குவியுங்கள். சக்கையில் சாம்பல்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. சாணம் அதை ஈடுகட்டும். வாரம் ஒருமுறை கிளறி, 15–20 நாள் கழித்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சூடு அடங்கியிருந்தால் புழு விடலாம்.

வெட்டிய இடத்தில் செம்பழுப்புக் கோடுகள் தெரியும் மரம் வாடல் நோய் கண்டதாக இருக்கலாம். அதைக் குவியலில் சேர்க்காதீர்கள். அந்த நோயைத் தரும் பூசணம் மண்ணில் பல ஆண்டு உயிரோடிருக்கும். அந்த உரத்தை வாழைக்கே போட்டால் நோயும் கூடவே போகும்.