வயது கூடக் கூட மேக்கப்பைக் குறைப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மேக்கப்பைக் குறைக்கலாமா, அடியோடு விட்டுவிடலாமா என்று நாற்பதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக மேக்கப் ஆர்ட்டிஸ்டாக வேலை பார்ப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கும் இடங்களில் மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 51 வயது. ஃபவுண்டேஷன், ஐலைனர், லிப்ஸ்டிக் இல்லாமல் ஆபீஸ் போனதே இல்லை. போன மாதம் மொத்தமாக நிறுத்தினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்கிறார்கள். மனசே விட்டுப்போகிறது. பழையபடி போட ஆரம்பித்துவிடட்டுமா?

பதில்: இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் இரண்டாம் வாரத்தில் பழையபடி போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அது ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். கண், புருவம், உதடு ஆகியவற்றின் நிறத்துக்கும் சுற்றியுள்ள தோலின் நிறத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வயது ஏற ஏற அது குறைகிறது. புருவம் நரைக்கிறது, அடர்த்தி குறைகிறது, உதட்டின் சிவப்பு மங்குகிறது. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் இந்த வேறுபாடு குறைந்தால் பார்ப்பவர்கள் வயதைக் கூட்டி மதிப்பிடுகிறார்கள் என்று காட்டினார்கள். உங்கள் ஐலைனரும் லிப்ஸ்டிக்கும் அந்த வேறுபாட்டைத்தான் கூட்டிக்காட்டிக்கொண்டிருந்தன. மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டீர்கள். பழைய முகத்துக்குப் பழகியவர்களுக்கு அது களைப்பாகத் தெரிகிறது. உங்கள் முகத்தில் குறை ஒன்றும் இல்லை.

வரிசையை மாற்றுங்கள். முதலில் ஃபவுண்டேஷனை மட்டும் விடுங்கள். புருவத்தையும் உதட்டையும் கொஞ்ச காலம் வைத்திருங்கள். புருவத்தில் முடி இல்லாத இடத்தில் மட்டும், முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்னக் கோடுகளாக இழுங்கள். கறுப்புப் பென்சில் வேண்டாம், உங்கள் முடியைவிடச் சற்று வெளிறிய நிறம் எடுங்கள். கோடு போட்ட பிறகு சுத்தமான பிரஷ்ஷால் ஒருமுறை மேல்நோக்கிச் சீவிவிட்டால் பென்சில் போட்டதே தெரியாது. உதட்டுக்கு நிறமுள்ள லிப் பாம் போதும். சுற்றியிருப்பவர்களின் கண் பழகியபின், வேண்டுமென்றால் அதையும் விடலாம். நான் பார்த்தவரையில் பாதிப் பேர் புருவப் பென்சிலை மட்டும் விடுவதில்லை. அதில் தப்பே இல்லை.

இன்னொன்று. புருவத்தின் வெளிமுனை திடீரென்று மெலிந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 48 வயதாகிறது. வருஷக்கணக்காக ஒரே ஃபவுண்டேஷன்தான். இப்போது மதியத்துக்குள் கோடு கோடாகப் பிளந்துவிடுகிறது. கம்பெனி ஏதாவது மாற்றிவிட்டதா?

பதில்: மாறியது உங்கள் தோலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது, எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எண்ணெய் வழியும் இளம் தோலுக்கு ஏற்றபடி செய்த மேட் (மினுமினுப்பில்லாத) ஃபவுண்டேஷன், வறண்ட தோலில் உட்கார இடம் தேடுகிறது. கண்ணுக்கு அடியிலும் மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பிலும் போய்ச் சேர்ந்துகொள்கிறது. அதன்மேல் காம்பேக்ட் பவுடரும் போட்டால், ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் அந்த மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழும். இல்லாத சுருக்கத்தைக்கூட மேக்கப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் இந்த வயதில் குறைத்துப் போடுவது, இருக்கிற தோலுக்கு ஏற்ற சரியான வேலை. மாய்ஸ்சரைசர் போட்டுச் சில நிமிடம் விடுங்கள். பிறகு மூக்கின் இரு ஓரம், வாயின் முனை, எங்கே சிவப்போ கருமையோ தெரிகிறதோ அங்கே மட்டும் ஒரு பொட்டு கன்சீலரை விரல்நுனியால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். தேய்க்காதீர்கள். கன்னத்தையும் நெற்றியையும் தோலாகவே விடுங்கள். பவுடர் அவசியமென்றால் மூக்கின் மேல் மட்டும்.

கேள்வி: மேக்கப்பை நிறுத்தினால் தோல் தானாகவே பளபளப்பாகிவிடுமா?

பதில்: ஆகாது. மேக்கப்பால் வந்த அலர்ஜியோ பருவோ இருந்தால் அது குறையும். அழுத்தித் தேய்த்துக் கழுவும் வேலை மிச்சமாவதால் வறட்சியும் கொஞ்சம் குறையலாம். வயதால் வந்த மாற்றம் அப்படியேதான் இருக்கும். விளம்பரங்களை நம்பி ஏமாற வேண்டாம்.

கேள்வி: மேடம், கன்னத்தில் மங்கு இருக்கிறது. அதை மறைக்கத்தான் ஃபவுண்டேஷன் போடுகிறேன். அதை எப்படி விடுவது?

பதில்: நீங்கள் விட வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். மங்கை அதிகப்படுத்துவதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். நிறம் இருப்பதால் மங்கையும் ஓரளவு மறைக்கும். ஒன்றிலேயே இரண்டு வேலை முடிகிறது. எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். ஃபவுண்டேஷன் பாட்டிலில் எஸ்பிஎஃப் என்று எழுதியிருப்பதை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷனை அப்புவதில்லை. மங்குக்குச் சிகிச்சையும் உண்டு, தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களாகவே வாங்கித் தடவவே கூடாது.

கேள்வி: கண்ணுக்குள் கோடு போட்டால் இப்போதெல்லாம் எரிகிறது, தண்ணீர் வடிகிறது. 55 வயது.

பதில்: இமை விளிம்பில் கண்ணீருக்கு எண்ணெய் கொடுக்கும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. வயதாகும்போது அவையும் மந்தமாகின்றன. அந்த இடத்திலேயே கண்மையோ பென்சிலோ இழுத்தால் அந்தச் சுரப்பிகளின் வாய் அடைபடும், துகள் கண்ணுக்குள்ளும் போகும். உள்விளிம்பை விட்டுவிடுங்கள். வேண்டுமென்றால் மேல் இமை முடிக்கு வெளியே மெல்லிசாக ஒரு கோடு. எரிச்சல் நிற்காவிட்டால் கண் டாக்டர்.

கேள்வி: எந்நேரமும் பளிச்சென்று இருந்த அம்மா (58) திடீரென்று எதுவும் போட மாட்டேன் என்கிறார். கவலைப்பட வேண்டுமா?

பதில்: மேக்கப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, அம்மாவை மொத்தமாகப் பாருங்கள். "அப்பாடா, நிம்மதி" என்று சொல்லிக்கொண்டு, வெளியே போய், நாலு பேரோடு பேசிச் சிரிக்கிறாரென்றால் சந்தோஷப்படுங்கள். அந்தப் பிரஷ்ஷைத் திரும்ப அவர் கையில் திணிக்க வேண்டாம். ஆனால் தலை வாரவும் மனமில்லை, குளிக்கச் சோம்பல், தூக்கம் சரியில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எல்லாம் சேர்ந்து வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அதற்குப் பிறகும் இதைப் பலர் வயசுக்கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். "ஏம்மா இப்படி இருக்கே?" என்று முகத்தைப் பற்றிக் கேட்காமல், "ராத்திரி நல்லா தூங்கினியாம்மா?" என்று ஆரம்பியுங்கள். பதில் வரும். டாக்டரிடம் கூடவே போங்கள்.

கேள்வி: நடிகைகள் மேக்கப் இல்லாமல் வருவதைப் பாராட்டுகிறார்கள். நம்மால் முடியுமா?

பதில்: 1967-இல் பிறந்த ஹாலிவுட் நடிகை பமீலா ஆண்டர்சன் 2023-இல் பாரிஸ் ஃபேஷன் வாரத்துக்கு மேக்கப் இல்லாமல் வந்ததைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. நீண்ட காலம் அவருக்கு மேக்கப் போட்ட அலெக்ஸிஸ் வோகல் 2019-இல் இறந்துபோனதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் சினிமாக்காரர்களுக்குத் தோல் மருத்துவர், நல்ல வெளிச்சம், நல்ல கேமரா எல்லாம் உண்டு. தைரியத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகோலை எடுக்காதீர்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்களை நேரில் பார்க்கும் வேலை. மேக்கப் இல்லாமல் வரக் கூடாது என்கிறார்கள்.

பதில்: அது எழுத்தில் இருக்கிறதா, வாய்வழக்கா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் எழுத்தில் இருக்காது. 2019-இல் வர்ஜின் அட்லான்டிக் விமான நிறுவனமே பெண் பணியாளர்கள் மேக்கப் போட்டே ஆகவேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. சீவிய தலை, ஒழுங்கான புருவம், வெடிப்பில்லாத உதடு இருந்தால் எந்த முகமும் வேலைக்குத் தயாரான முகம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: எனக்கு 63. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், சிவப்பு லிப்ஸ்டிக்கை மட்டும் விட மனமில்லை. "இந்த வயசில் இதெல்லாமா?" என்கிறார்கள்.

பதில்: போடுங்கம்மா! குறைப்பது எப்படி உங்கள் இஷ்டமோ, வைத்துக்கொள்வதும் அப்படியே. உதட்டோரக் கோடுகளில் சிவப்பு கசிந்து ஓடாமலிருக்க, முதலில் லிப் பாம் தடவி ஒற்றியெடுத்துவிடுங்கள். அதே நிற லிப் லைனரால் ஓரம் கட்டி உள்ளேயும் நிரப்புங்கள். மேலே லிப்ஸ்டிக்கை ஒரு தடவை பூசி டிஷ்யூவில் ஒற்றி, இன்னொரு தடவை பூசுங்கள். அதிகம் மினுக்கும் வகை வேண்டாம், அதுதான் சீக்கிரம் ஓடும்.

கேள்வி: குறைத்தாகிவிட்டது. பெட்டி நிறைய மிச்சம் இருக்கிறதே, என்ன செய்ய?

பதில்: மஸ்காரா திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் தூக்கிப் போடுங்கள், கண் விஷயம். மற்றவற்றின் டப்பாவில் மூடி திறந்த ஜாடி போல ஒரு சின்னப் படம் இருக்கும். அதற்குள் 6, 12 என்று எழுதியிருப்பது, திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது. வாசனை மாறியது, தண்ணீர் பிரிந்தது எதையும் வைக்காதீர்கள். பிரிக்காததை விரும்புகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பயன்படுத்திய லிப்ஸ்டிக்கையும் கண் சாமான்களையும் மட்டும் மகளுக்கானாலும் கொடுக்காதீர்கள், கிருமி பரவும்.